எனக்கு வாக்கில்லாத தேர்தல்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு, "பேந்து கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு சமையலறைக் கதிரையில் அப்படியே இருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நீ கேட்டது சின்ன விஷயம்தான் என்று உன் குரல் சொன்னது. "அம்மா, நேசன் மாமாவுக்குக் காட் அனுப்பாதேங்கோ. என்ரை வேலையிடத்து ஆக்களும் கலியாணத்துக்கு வருவினம். மாமா நெட்டிலை போடுறதுகளை ஆரும் பாத்தாலோ, அந்தக் கட்சிச் சிவப்புத் தொப்பியோடை வந்து நிண்டாலோ, எனக்குக் கஷ்டம்." இவ்வளவுதான் சொன்னாய். அதையும் கோபமில்லாமல், கூட்டத்துக்கு நாள் மாற்றுவதுபோலச் சொன்னாய்.

தொலைபேசியில் உன்னோடு வாதாட எனக்கு இப்போது பலம் இல்லை. நீ விரைவாகக் கதைக்கிறாய், நான் ஒரு சொல்லைத் தேடுவதற்குள் நீ மூன்று பதில் வைத்திருக்கிறாய். எழுதினால் நீ குறுக்கே கதைக்க முடியாது. தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். இதில் நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை நீ ஆறுதலாக வாசிப்பதுதான் நல்லது.

முதலில் நீ மறந்துபோனதைச் சொல்கிறேன். ஊரில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்களில் நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். உனக்குப் பத்தோ பதினொன்றோ வயது. மேல்மாடியில் பத்மா அக்கா தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகள் வன்னிக்குள் அகப்பட்டுவிட்டாள், செய்தி எதுவும் இல்லை. அப்போது இங்கே சில பேர் ஒரு குழு அமைத்து, வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்திப்போம், அமெரிக்கா சொன்னால் எல்லாம் நிற்கும் என்றார்கள். நான் பத்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவருக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டுப் போன முதல் பயணம் அது. என் தம்பி, உன் நேசன் மாமா, நியூ ஜெர்சியிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

பஸ்ஸிலேயே எங்களுக்குப் பாடம் நடந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது. ஒன்றைத்தான் கேட்கவேண்டும், பத்தைக் கேட்கக்கூடாது. சரித்திரம் சொல்லக்கூடாது. ஒரு தாய் தன் கதையைச் சொல்லலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். குழுவில் இருந்த ஒருவர் பத்மா அக்காவிடம் கைக்கடிகாரத்தைக் காட்டி, "அக்கா, அழுகை வந்தால் அழுங்கோ, ஆனால் கதையை விட்டிடாதேங்கோ" என்றார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அந்தக் கட்டிடத்தில் எது எடுபடும் என்று தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான்.

நாங்கள் பார்க்கப் போன உறுப்பினர் அங்கே இல்லை. அவருடைய அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண்பிள்ளை வந்தாள், இருபத்துமூன்று வயதுக்குமேல் இராது. நடைபாதையில் நிற்கவைத்தே எங்களோடு பேசினாள். வேறு மூன்று குழுக்கள் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. ஒன்று பால்பண்ணைக்காரர்கள், இன்னொன்று ஏதோ நோய்க்கான சங்கம், எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை முதலில் கேட்டது ஒன்றுதான்: "உங்களில் யார் எங்கள் தொகுதியில் வசிக்கிறீர்கள்?" பன்னிரண்டு பேரில் மாமா மட்டும் கை உயர்த்தினார். அவள் மாமாவின் பெயரையும் விலாசத்தையும் மட்டும் எழுதிக்கொண்டாள். மொன்றியலில் இருந்து வந்த நாங்கள் அவளுக்குக் காற்றுமாதிரி. பத்மா அக்கா மகளின் படத்தை நீட்டினார். அவள் அதைப் பார்த்து, உண்மையாகவே முகம் வாடி, "உறுப்பினர் இதில் ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறார், நாங்கள் பார்க்கிறோம்" என்றாள்.

நான் அதை எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா? "அக்கா, அவை கடிதம் அனுப்புவினமாம். மகளைக் கண்டுபிடிச்சுத் தருவினமாம்" என்றேன். பொய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டும் சொல்லேல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று தொடக்கம் பல மாதங்களாக பத்மா அக்கா காலையில் படி இறங்கி வந்து, "கடிதம் போட்டினமாமோ?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்லி அனுப்புவேன். பிறகு பிறகு, அவர் இறங்கிவரும் நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நான் ஒளித்த அந்த மாதங்களில் மாமா என்ன செய்தார் என்பதை நீ அறியவேண்டும். அவர் லீவு நாட்களில் அந்த உறுப்பினரின் ஊர் அலுவலகத்துக்குப் போய் இருந்தார். ஒருதரம் இல்லை, திரும்பத் திரும்ப. அங்கே ஒரு கிழவர் அவரிடம், "சும்மா வந்து இருந்தால் காரியம் நடக்காது, தேர்தல் வேலைக்கு வா" என்றாராம். மாமா கட்சியில் பதிந்தார். வீட்டு வாசல்களில் வேட்பாளர் பெயர் எழுதிய பலகை நட்டார். முன்பின் தெரியாத சனத்தைத் தொலைபேசியில் அழைத்து வாக்குப்போடச் சொன்னார், பலர் பேச்சு முடியுமுன்னமே வைத்துவிட்டார்கள். நடக்க ஏலாத வயதானவர்களைத் தன் காரில் வாக்குச்சாவடிக்கு ஏற்றி இறக்கினார். தேர்தல் நடக்கும் நவம்பருக்குள் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் உறுப்பினரின் கையெழுத்தோடு இலங்கை அரசுக்குப் போனது. பத்மா அக்காவின் மகளின் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. ஆனாலும் பதில் வந்தது, அவள் உயிரோடு இன்ன முகாமில் இருக்கிறாள் என்று. இன்று அவள் இங்கே மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள், நீ அவளுடைய கலியாணத்துக்கு வந்து மூன்று தரம் ஐஸ்கிரீம் எடுத்தாய். அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் அவள் வந்திருப்பாளோ, யாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: ஆயிரம் பேர் தெருவில் நின்று கேட்டபோது அசையாத ஒரு மேசை, பலகை நட்ட ஒரு மனிதன் கேட்டபோது அசைந்தது. இதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

சரி, அப்படிப்பட்டவர் ஏன் மற்றக் கட்சிக்குப் போனார் என்று நீ கேட்பாய். தேர்தல் வேலை செய்யும் உன் நிறுவனத்தில் இதற்குப் பெரிய விளக்கங்கள் வைத்திருப்பீர்கள். நான் பார்த்தது மிகச் சின்னது. சில வருடங்களுக்குப் பிறகு தொகுதிகளின் எல்லையைத் திருப்பி வரைந்தார்கள். மாமா வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, வாசலில் நிற்கும் மரம்கூட மாறவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்து, அவர் தெரு வேறு தொகுதிக்குள் விழுந்துவிட்டது. அங்கே உறுப்பினர் மற்றக் கட்சி. மாமியின் தங்கையுடைய விசா அலுவலுக்கு மாமா அந்த அலுவலகத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. அவர்கள் மரியாதையாக நடத்தினார்கள், காரியமும் முடிந்தது. மாமா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நன்றி சொன்னார், அவர்களுக்கும் பலகை நட்டார். பலகை நட்ட இடத்தில் நண்பர்கள் கிடைத்தார்கள். அப்பா செத்தபோது மொன்றியலுக்கு வந்து, தகனம் முடியும்வரை உன் கையை விடாமல் நின்றாரே, அப்போது அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். நாங்கள் கவனிக்கவில்லை. கவனிக்கத் தேவை இருக்கவில்லை.

கவனிக்கவைத்தது தொலைக்காட்சி. முதுகு நோவினால் மாமா வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கினார், காலையில் இருந்தே ஒரு சனல் ஓடும். அவரை மட்டும் குற்றம் சொல்ல வரவில்லை. நீ பென்சில்வேனியாவுக்குப் படிக்கப் போன பிறகு இந்த லாசால் வீட்டில் சத்தத்துக்கு நானும் ஒன்றைப் போட்டுவைத்தேன், அவருடையதுக்கு நேர் எதிரான சனல். கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றமுன்னமே ரிமோட்டை எடுப்பேன். அவர்கள் ஒருத்தரையொருத்தர் வெட்டிப் பேசுவார்கள், எனக்கு இரத்தம் ஏறும், பிறகு முழங்கால் நோவுக்கு ஒரு மாத்திரை விளம்பரம் வரும், பிறகு திரும்ப இரத்தம் ஏறும். ஒரு நாட்டில் வாக்கே இல்லாத நான், அந்த நாட்டின் மாநிலங்களில் யார் முன்னுக்கு நிற்கிறார் என்று மனப்பாடமாகச் சொல்வேன். இங்கே என் தெருவுக்கு யார் கவுன்சிலர் என்று கேட்டால் தெரியாது. வாசலில் இருந்த பஸ் தரிப்பை அடுத்த தெருவுக்கு மாற்றினார்களே, அதற்கு முன்னம் கூட்டம் வைத்துச் சனத்தின் கருத்தைக் கேட்டார்களாம். நான் போகவில்லை. அன்றும் அமெரிக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இப்போது பனியில் அந்தத் தூரத்தை நடக்கிறேன்.

மாமாவும் நானும் தொலைபேசியில் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். அவர் வாயில் அவருடைய சனல் சொன்ன சொற்கள் வரும், என் வாயில் என்னுடையது சொன்னவை வரும். அம்மாவின் திவசம் எப்போது என்று கேட்க எடுத்த அழைப்புக்கூட மெக்சிக்கோ எல்லைச் சுவரில் போய் முடிந்தது. ஒருநாள் அவர், "அக்கா, உங்களுக்கு இஞ்சை வோட்டே இல்லை, ஏன் இந்தத் துள்ளல்?" என்று சிரித்தார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை. வாஷிங்டன் நடைபாதையில் நான் காற்றுமாதிரி நின்றது ஞாபகம் வந்தது. அன்று அவர் அகதிகளைப் பற்றி ஏதோ ஒன்றைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார். அதன் கீழே நான் எழுதினேன்: "கதவால் உள்ளே வந்தவன் இப்போது கதவைப் பூட்டச் சொல்கிறான். இவன் என் சொந்தத் தம்பி. எனக்கு வெட்கமாயிருக்கிறது." தமிழில் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினேன், அவருடைய வெள்ளைக்கார நண்பர்களும் வாசிக்கட்டும் என்று.

கட்சிச் சண்டைதான் நாங்கள் நான்கு வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் என்று உனக்குச் சொல்லிவைத்தேன். "மாமா அரசியல் பித்துப் பிடிச்சு என்னோடை கோவிச்சிட்டார்" என்றேன், நீயும் நம்பினாய். முழுக்கதை அது இல்லை.

அந்த வருடம் மாமா தன் ஊர் நகரசபைக்கு நின்றார். உனக்குத் தெரியாது, நீ பரீட்சையில் இருந்தாய். தெருவிளக்கு, குப்பை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, இவற்றுக்காகத்தான் நின்றார். அறிமுகமான ஊர், பலருக்குப் பிடித்த மனிதர், வெல்லலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாக்களிப்புக்குச் சில நாட்கள் இருக்கையில் அந்த ஊரின் எல்லா வீட்டுத் தபால்பெட்டிக்குள்ளும் ஒரு பெரிய பளபளப்பான அட்டை வந்து விழுந்தது. மாமி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, ஒரே ஒரு வரி கேட்டார்: "மச்சாள், இது உங்கடை படம்தானே?"

என் படம்தான். மேலே தடித்த எழுத்தில் "சொந்தச் சகோதரியே வெட்கப்படுகிறார்." கீழே நான் எழுதிய வசனம், ஒரு சொல் மாறாமல். படம் உன் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு அன்று எடுத்தது, என் முகநூல் பக்கத்தில் இருந்து எடுத்திருக்கிறார்கள். மாமாவுக்கும் எனக்கும் நடுவில் நீ நின்றாய் அல்லவா? உன்னை வெட்டிவிட்டார்கள். உன் கை மட்டும் மாமாவின் தோளில் மிச்சமாய் இருந்தது. அனுப்பியது யார் என்று பார்த்தால், நல்ல அயலவர்கள் என்ற மாதிரி இனிப்பான பெயரில் ஒரு சங்கம். எதிர்த்து நின்றவர் தனக்கும் அந்தச் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படி இருக்கத்தக்கதாகத்தானே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள். மாமா தோற்றார். நான் மாமிக்குப் பதில் போடவில்லை. என்ன போடுவது? நான் நினைத்த நியாயம் இன்றும் நியாயம்தான், அந்த விஷயத்தில் மாமா சொன்னது பிழைதான். ஆனால் அதை யாருடைய கையில் கொடுத்தேன் என்று பார்.

மகன், போன மாதம் நீ சந்தோஷமாக ஒன்று சொன்னாய். உங்கள் நிறுவனம் ஒரு வேட்பாளருக்கு அட்டைகள் செய்கிறது, எதிராளியின் மகள் தகப்பனைப் பற்றி எப்போதோ எழுதிய ஒன்றை ஒருவர் தோண்டி எடுத்துவிட்டார், அதை வைத்து நீ வரைந்த அட்டையை எல்லோரும் பாராட்டினார்கள் என்றாய். "செம டிசைன் அம்மா" என்றாய். நான் "ஓம், நல்லது" என்றேன். அன்று சொல்லியிருக்கவேண்டும். அன்றும் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதுபோலத்தான் நடந்துகொண்டேன்.

வேலையை விடு என்று சொல்ல வரவில்லை. உனக்கும் அங்கே வாக்கில்லை, வேலை விசாவில் இருக்கிறாய், கலியாணம் கட்டப்போகிறாய். உன் கட்சி வெல்லவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன், அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த அட்டை போய் விழும் வீட்டில் ஒரு மகளும் ஒரு தகப்பனும் இருக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் உன் நிறுவனம் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். அவர்கள் இருவரும் அங்கேயேதான் இருப்பார்கள்.

மாமாவுக்கு நெஞ்சு வெட்டிச் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை எனக்குச் சொன்னது பத்மா அக்கா. சொந்தத் தம்பியின் செய்தி எனக்கு மூன்றாம் ஆளிடம் இருந்து வந்தது. அடுத்த கிழமையே பஸ் ஏறினேன். மாமாதான் கதவைத் திறந்தார், பாதியாய் இருந்தார். உள்ளே அந்தச் சனல் சத்தமாய் ஓடிக்கொண்டிருந்தது. விலகி எனக்கு வழிவிட்டு, "அக்கா, சாப்பிட்டியளே?" என்றார்.

சாப்பிட்ட பிறகு நான் அட்டையைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நிறைய யோசித்துக்கொண்டு போயிருந்தேன், வாயில் வந்தது பாதிதான். மாமா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோத்தது உங்களாலை எண்டு நான் நினைக்கேல்லை அக்கா. எங்கடை தெருவிலையே பாதிச்சனம் வோட்டுப் போடப் போகேல்லை. ஆனா எங்கடை தபால்காரனை எனக்குப் பதினைஞ்சு வருசமாத் தெரியும். அண்டைக்கு அவன் அந்தக் காட்டைப் பெட்டிக்குள்ளை போடேல்லை. வந்து மணி அடிச்சு, கவிட்டுப் பிடிச்சு என்ரை கையிலை தந்தான். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு."

அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. இப்போதும் அவர் அந்தக் கட்சிதான். தொப்பியும் இருக்கிறது. கதை அந்தப் பக்கம் போனால் ஒருத்தர் எழும்பித் தேத்தண்ணி போடப் போவோம். சமாதானம் என்று இதற்குப் பெயர் வைக்கமாட்டேன், ஆனால் இந்த வயதில் எங்களால் செய்யக்கூடியது இதுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திங்கட்கிழமை நான் மாமாவை அழைத்து நீ சொன்னதை அப்படியே சொன்னேன். மறைக்கவில்லை. மறைத்து மறைத்து எனக்குக் களைத்துவிட்டது. அவர் கோபப்படுவார், ஏசுவார், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "பெடியன் சரியாத்தான் சொல்லுறான் அக்கா. அவன்ரை இடத்திலை நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். உதுதானே அவன்ரை பிழைப்பு." பிறகு, "அத்தானும் இல்லை. கலியாணத்தண்டு முழுக வாக்கேக்கை அவன்ரை தலையிலை பால் அறுகு வைக்க ஆர் நிக்கிறது? நான் வந்து வைச்சிட்டுப் பின்னுக்குப் போறன். படத்திலை நிக்கமாட்டன். படம் எடுக்கிற ஆளிட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றார்.

ஒரு அட்டையில் அவரை எல்லோருக்கும் காட்டினேன், இப்போது ஒரு படத்தில் அவரை மறைக்கும் வேலையை என்னிடம் தருகிறார். இதுவும் என் கையால் நடக்காது. அதனால் படம் எடுப்பவரிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாமாவைப் பின்னுக்கு நிறுத்துவதென்றால் நீ நிறுத்து. ஆனால் என் மூலமாக இல்லை, வேலையிடத்தைச் சாட்டியும் இல்லை. நீ அவரை அழைத்து, உன் வாயால், தமிழில் சொல்லவேண்டும். அவர் வீட்டில்தான் இருக்கிறார், இரண்டாவது மணியில் எடுப்பார்.

கலியாணத்துக்கு வர வெள்ளிக்கிழமை பஸ் டிக்கட் எடுப்பதாகச் சொன்னார். அதற்கு முன்னம் அழை.

அம்மா